வித்த வண்டிக்கு யார் பொறுப்பு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கறதப் பத்தி எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதம் பாதிக்கு மேல வாங்குனவங்க எழுதல, வித்தவங்கதான் எழுதியிருக்காங்க. அதனால இந்தத் தடவை முழுக்க அவங்களுக்குத்தான்.

கேள்வி: பழைய பைக்கை ரெண்டு வருஷம் முன்னாடி இங்க ஒரு ஆட்டோ கன்சல்டிங்ல குடுத்தேன். பேர் மாத்தறதுக்கான 29, 30 ஃபாரத்துல கையெழுத்து வாங்கிக்கிட்டு, ஆர்சி புக்கையும் வாங்கிக்கிட்டு, பணத்தக் குடுத்து அனுப்பிட்டாங்க. பேர் நாங்களே மாத்திடறோம்னாங்க. இப்ப ஹெல்மெட் போடல, சிக்னல் தாண்டிட்டீங்கன்னு மாசாமாசம் எனக்கு மெசேஜ் வருது. கடைக்காரர கேட்டா வண்டி யார்கிட்ட இருக்குன்னே தெரியலங்கறார். அபராதத்த நான்தான் கட்டணுமா? - வாசகர், திருப்பூர்

ஹெல்மெட் கேஸ்லயே இது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அது பரவால்ல. நிறைய பேருக்கு ஆக்ஸிடெண்ட் கேஸ்ல நோட்டீஸ் வந்தப்புறம்தான் வண்டி இன்னும் தன் பேர்ல இருக்குன்னே தெரியுது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல ஓனர்னா யாருன்னு 2(30) பிரிவுல சொல்லியிருக்கு. யார் பேர்ல வண்டி பதிவாகியிருக்கோ அவர்தான் ஓனர். லோன் வண்டின்னா மட்டும் அக்ரிமெண்ட்படி யார் கைல வண்டி இருக்கோ அவர். நீங்க பணம் வாங்கிட்டீங்க, சாவி குடுத்துட்டீங்க, வண்டியப் பாத்தே ரெண்டு வருஷம் ஆச்சு, எல்லாம் சரி, ஆனா ஆர்டிஓ ரெக்கார்டுல உங்க பேர் இருக்கற வரைக்கும் போலீஸும் கோர்ட்டும் முதல்ல உங்க வீட்டுக் கதவத்தான் தட்டும்.

அந்த ஃபாரம் 29 விஷயம் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா தப்பு நடக்கறதே அங்கதான். கடைல நீங்க கையெழுத்துப் போட்டப்ப வாங்குறவர் பேர் எழுதற இடம் வெத்தா இருந்துருக்கும், தேதியும் எழுதியிருக்க மாட்டாங்க, கீழ உங்க கையெழுத்து மட்டும்தான் இருந்துருக்கும். ஏன் அப்படி வாங்குறாங்கன்னா, கடைக்காரர் முதல்ல தன் பேருக்கு மாத்தி, அப்புறம் வாங்குறவர் பேருக்கு மாத்துனா ரெண்டு தடவை ஃபீஸ் கட்டணும், ஆர்சில ஒரு ஓனர் கூடிப்போயிடும், வண்டி விலையும் குறைஞ்சிடும். அதனால வெத்துப் பேப்பர டிராயர்ல போட்டு வச்சுட்டு எவன் வர்றானோ அவன் பேர எழுதிக்கலாம்னு விட்டுடறாங்க. வாங்கிட்டுப் போனவனும் பேர மாத்தாம இன்னொருத்தனுக்கு வித்துட்டான்னா அந்தப் பேப்பர் அப்படியே கை மாறிப் போய்ட்டே இருக்கும்.

ஆனா ஃபாரம் 29-ங்கறது வித்தவர் ஆர்டிஓவுக்குக் குடுக்கற தகவல், அது உங்க பேப்பர், புரோக்கரோட பேப்பர் இல்ல. 50-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா வித்தவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்குனவர் 30 நாளுக்குள்ள தெரிவிக்கணும். ரூல்ஸ்ல உங்க ஏரியா ஆர்டிஓ, வாங்குனவர் ஏரியா ஆர்டிஓ ரெண்டுக்கும் ஃபாரம் 29 போகணும்னு இருக்கு, காப்பி ஒண்ணு வாங்குனவருக்கும் போகணும். இத எந்தக் கடைலயும் சொல்லித் தர மாட்டாங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, முதல்ல பரிவாஹன் சைட்லயோ எம்பரிவாஹன் ஆப்லயோ வண்டி நம்பரப் போட்டு இன்சூரன்ஸ் இருக்கா, எவ்வளவு சலான் நிலுவைல இருக்குன்னு பாருங்க. சலான்ல ஃபோட்டோ இருக்கும், இடம் இருக்கும். நாலஞ்சு சலானையும் சேத்து வச்சுப் பாத்தா வண்டி எந்த ஊர்ல, எந்த ரோட்டுல ஓடுதுன்னு தெரிஞ்சிடும், கடைக்காரர் மறந்துட்டாலும் ஃபோட்டோ மறக்காது. அத எல்லாம் பிரிண்ட் எடுத்து, எந்தத் தேதில யாருக்கு வித்தேன், பணம் எப்படி வந்துச்சுன்னு எழுதி, பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஆர்டிஓவுக்கும் உங்க ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. கடைக்காரர் வண்டி எங்கன்னு தெரியலன்னு சொல்றார் பாருங்க, அதையும் அப்படியே புகார்ல எழுதுங்க, ஸ்டேஷன்ல கூப்பிட்டு விசாரிச்சா பல பேருக்கு ஞாபகம் வந்துடும். 133-வது பிரிவுப்படி போலீஸ் கேட்டா வண்டிய ஓட்டுனது யாருன்னு ஓனர் சொல்லியாகணும், அப்படிக் கேக்கறப்ப உங்க கைல இந்தத் தபால் ரசீது இருக்கணும்.

அபராதத்தப் பொறுத்தவரைக்கும், இ-சலான் சைட்லயே புகார் குடுக்க வழி இருக்கு, முதல்ல அதச் செய்ங்க. ஆனா வாங்குனவர் கிடைச்சுட்டாரு, பேர் மாத்தவும் ரெடியா இருக்காரு, சலான் மட்டும்தான் தடையா இருக்குன்னா, தொகை சின்னதா இருந்தா சண்டை போட்டுட்டு நிக்காம யாராவது ஒருத்தர் கட்டி முடிச்சு அன்னிக்கே பேர மாத்திடுங்க. நிலுவைல இருந்தா டிரான்ஸ்ஃபர் நகராது, நகராத ஒவ்வொரு நாளும் ரிஸ்க் உங்களுக்குத்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் காரைத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு வித்தார். பழகுனவங்கதானேன்னு பேர் மாத்தறதப் பத்தி வற்புறுத்திக் கேக்கல. அந்தக் கார் ஒரு பெரியவர் மேல மோதிடுச்சு, அவர் குடும்பத்துல கேஸ் போட்டுருக்காங்க. கோர்ட் நோட்டீஸ்ல எங்க வீட்டுக்காரர் பேரும் இருக்கு. நாங்க ஓட்டவே இல்லையே, எங்களுக்கு என்ன சம்பந்தம்? அவர் போகவே வேணாம்னு சொல்றார். - வாசகி, கரூர்

அம்மா, முதல்ல அவரக் கண்டிப்பா போகச் சொல்லுங்க. இதுல மத்த எல்லாத்தையும் விட இதுதான் அவசரம். போகலன்னா எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அதாவது அவர் தரப்பக் கேக்காமலே, உத்தரவு போட்டுடுவாங்க, அப்புறம் அத உடைக்க அலையறது இதவிட பெரிய செலவு.

ரெண்டு கேஸ் இருக்குங்கறதப் புரிஞ்சுக்கங்க. ஒண்ணு கிரிமினல் கேஸ், அது வண்டிய ஓட்டுனவர் மேல, அதுல சாதாரணமா உங்க வீட்டுக்காரர் பயப்பட ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு இழப்பீட்டு கேஸ், நம்ம ஊர்ல எம்சிஓபின்னு சொல்றது, மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல நடக்கும். அதுல டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூணு பேரையும் சேப்பாங்க. ஓனர்ங்கற இடத்துல ஆர்சில யார் பேரோ அவங்க வருவாங்க.

"ஓட்டவே இல்லையே"ங்கறது மனசுக்கு நியாயம்தான், ஆனா சட்டம் வேற மாதிரி பாக்குது. 2018 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு மூணு நீதிபதி பெஞ்ச் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. அதுல வண்டிய முதல் ஓனர் 2007-லயே வித்துட்டார், அது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தர்னு பல கை மாறிப்போச்சு, 2009-ல விபத்து நடந்துச்சு, ஆனா ரெக்கார்டுல அப்பவும் முதல் ஆள் பேர்தான். கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, அடிபட்டவங்க வண்டி யார் யார் கைக்குப் போச்சுன்னு தேடிட்டு அலைய முடியாது, பதிவுல இருக்கறவர்தான் ஓனர், அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. என்னைக் கேட்டா அது சரியான தீர்ப்புதான்னு சொல்வேன். கால் போன ஒருத்தரோ புருஷன இழந்த ஒரு பொண்ணோ ஆர்சில இருக்கற பேரத் தவிர வேற எதப் புடிச்சுட்டு கோர்ட்டுக்கு வர முடியும்? ஆனா அந்தத் தீர்ப்போட பாரம் வித்தவங்க மேல விழுது, அத வித்தவங்க யாரும் விக்கும்போது யோசிக்கறதில்ல.

உங்களுக்கு இப்ப முக்கியமான கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், விபத்து நடந்த அன்னிக்கு காருக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சா? இருந்துச்சுன்னா பெரும்பாலும் கம்பெனிதான் கட்டும். வண்டி கை மாறிடுச்சு, எங்க பாலிசி செல்லாதுன்னு கம்பெனி சொன்னாலும், மூணாம் நபருக்கு அடிபட்ட விஷயத்துல அது எடுபடாது. 157-வது பிரிவுல, வண்டிய வித்தா பாலிசியும் வாங்குனவர் பேருக்கு மாறுனதாவே எடுத்துக்கணும்னு இருக்கு. 2011-லயும் சுப்ரீம் கோர்ட் ஒரு லாரி கேஸ்ல, வித்தப்புறமும் பழைய ஓனர் பேர்லயே எடுத்துருந்த பாலிசிக்கு கம்பெனிதான் பணம் கட்டணும்னு சொல்லியிருக்கு. அதனால பாலிசிய எங்கிருந்தாவது தேடி எடுங்க, வாங்குனவர் புதுசாப் போட்டுருந்தாலும் அந்தக் காப்பியக் கேளுங்க.

இதுல ஒரு கண்ணி இருக்கு. ஓட்டுனவருக்கு லைசென்ஸ் இல்லன்னு தெரிஞ்சா, கம்பெனி முதல்ல பாதிக்கப்பட்டவங்களுக்குக் கட்டிட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு தீர்ப்பாயம் உத்தரவு போடறது உண்டு, பே அண்ட் ரெக்கவர்னு வக்கீல்கள் சொல்லுவாங்க. அந்த "ஓனர்" யாருங்கறதுல மறுபடி உங்க வீட்டுக்காரர் பேர்தான் வந்து நிக்கும். இன்சூரன்ஸே இல்லன்னா முழுத் தொகையும் ஓனர் மேல வரும், கட்டலன்னா சொத்து ஜப்தி வரைக்கும் போகும்.

அதனால வக்கீல் வச்சு கவுண்டர், அதாவது பதில் மனு, தாக்கல் பண்ணுங்க. வாங்குனவரையும் கேஸ்ல ஒரு பார்ட்டியா சேக்கச் சொல்லுங்க. வண்டிய ஒப்படைச்சதுக்கு டெலிவரி நோட் எழுதுனீங்களா, பணம் பேங்க்ல வந்துச்சா, வாட்சப்புல பேசிக்கிட்டது இருக்கா, எல்லாத்தையும் எடுத்து வைங்க. இதெல்லாம் அடிபட்டவங்க முன்னாடி உங்க வீட்டுக்காரர விடுவிக்காது, ஆனா பின்னாடி அவர் கட்ட வேண்டி வந்தா வாங்குனவர்கிட்டேருந்து திருப்பி வாங்கறதுக்கு இதுதான் ஆதாரம். பழகுனவங்கதானேன்னு இதையும் விட்டுடாதீங்க.

கேள்வி: டெலிவரி நோட்ல என்னென்ன எழுதணும்? ஸ்டாம்ப் பேப்பர் வேணுமா? - வாசகர், திண்டுக்கல்

பேப்பரவிட உள்ள எழுதறதுதான் முக்கியம். வண்டி நம்பர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், ரெண்டு பேரோட பேரும் அட்ரஸும் ஃபோன் நம்பரும், விலை, பணம் எப்படிக் குடுத்தது. அப்புறம் தேதி மட்டும் போட்டாப் போதாது, மணியும் போடணும். "இன்று மாலை 5.40 மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன், இந்த நேரத்திலிருந்து ஏற்படும் விபத்து, வழக்கு, அபராதம் அனைத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு"ன்னு தெளிவா எழுதுங்க. வண்டிய எடுத்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரியே இடிச்ச கேஸெல்லாம் இருக்கு, அப்ப அந்த 5.40-தான் பேசும். வாங்குறவரோட ஆதார், லைசென்ஸ் காப்பி வாங்கி, வண்டி பக்கத்துல அவர நிக்க வச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கங்க, சாட்சியா ரெண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். நிஜமா வாங்குற ஆள் இதுக்கெல்லாம் சங்கடப்பட மாட்டார்.

இதோட நிறுத்தாம, முடிஞ்சா பேர் மாத்த அப்ளை பண்ணப்புறம் வண்டியக் குடுங்க. முடியாதுன்னா பேர் மாறுற வரைக்கும் டெபாசிட்டா ஒரு தொகைய வாங்கி வச்சுக்கங்க, புது ஆர்சிய காட்டுனதும் திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்லுங்க. நீங்க பத்து தடவை ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்தறதவிட அவரோட பணம் உங்ககிட்ட இருந்தா அவரே வேகமா மாத்துவாரு. ஆர்சில உங்க மொபைல் நம்பர் சரியா இருக்கான்னும் பாத்துக்கங்க, டிரான்ஸ்ஃபருக்கான ஓடிபியும் மெசேஜும் அதுக்குத்தான் வரும்.

கேள்வி: என் அக்கா நியூ ஜெர்சில இருக்காங்க. அங்க காரை வித்தா நம்பர் பிளேட்ட கழட்டி ஆபீஸ்ல ஒப்படைச்சுடுவாங்களாம், அதனால பின்னாடி பிரச்சனையே வராதாம். நானும் பிளேட்ட கழட்டிட்டு வித்தா என்ன? ஆசைப்பட்டு பணம் கட்டி வாங்குன ஃபேன்சி நம்பர் வேற. - வாசகர், மதுரை

உங்க அக்கா சொல்றது நிஜம்தான். நியூ ஜெர்சி, நியூயார்க் மாதிரி மாநிலங்கள்ல பிளேட் ஓனரோடது, வண்டியோடது இல்ல. கலிஃபோர்னியால போனா கதை மாறிடும், அங்க சாதாரண பிளேட் வண்டிலயேதான் இருக்கும், ஆனா வித்தவர் அஞ்சு நாளுக்குள்ள டிஎம்விக்கு (நம்ம ஆர்டிஓ மாதிரி ஆபீஸ்) வித்துட்டேன்னு தகவல் குடுத்துடணும், ஆன்லைன்லயே குடுத்துடலாம். அந்தத் தகவலும் நம்ம ஃபாரம் 29-ம் ஒரே நோக்கத்துக்குத்தான், அங்க அத வித்தவரே செய்றாரு, இங்க நாம புரோக்கர்கிட்ட குடுத்துட்டு வந்துடறோம்.

நம்ம நாட்டுல நம்பர் வண்டியோட ஒட்டுனது. வண்டி எத்தன கை மாறுனாலும் அதே நம்பர்தான், வேற மாநிலத்துல மறுபடி பதிவு பண்ணா மட்டும்தான் புது நம்பர். நீங்க பிளேட்ட கழட்டிட்டா வாங்குறவர் நம்பர் இல்லாம ரோட்டுல ஓட்டணும், அது அவருக்குக் குத்தம். அதோட 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தயாரான வண்டிகள்ல ஹெச்எஸ்ஆர்பி-ங்கற உயர் பாதுகாப்பு பிளேட்தான் வருது, அதுல ஹோலோகிராம், லேசர்ல போட்ட தனி நம்பர், ஒரு தடவை பூட்டுனா உடைச்சுத்தான் எடுக்கற லாக் எல்லாம் இருக்கு, அந்த லேசர் நம்பரும் வண்டியோட பதிவுல ஏறியிருக்கும். கழட்டுனா உடையும், புதுசா ஆர்டர் போடணும்.

ஃபேன்சி நம்பரும் சாதாரணமா வண்டியோடதான் போகும், அந்த ஆசையச் சேத்து விலை சொல்லிக்கங்க. பிளேட்ட கழட்டறதுக்கு பதிலா நீங்க கழட்ட வேண்டியது வேற இருக்கு. பிளேட்லயும் கண்ணாடிலயும் வக்கீல், டாக்டர், பிரஸ், அரசுன்னு ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா சுரண்டி எடுத்துடுங்க. 2024 மே மாசத்துல சென்னை டிராஃபிக் போலீஸ் இதுக்குன்னே தனியா அபராதம் போட ஆரம்பிச்சாங்க. உங்க தொழில் அடையாளத்த வச்சுட்டு இன்னொருத்தர் ஊர் சுத்தறது அபராதத்தவிட பெரிய தலைவலி. அப்பார்ட்மெண்ட் பாஸ், ஆபீஸ் பார்க்கிங் ஸ்டிக்கர் எல்லாமும் எடுத்துடுங்க.

கேள்வி: கார் வித்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் டோல்கேட் பணம் என் அக்கவுண்ட்ல புடிக்குது. - வாசகி, செங்கல்பட்டு

ஃபாஸ்டேக் கண்ணாடில ஒட்டியிருந்தாலும் அது உங்க பேங்க் கணக்கோட சேந்தது. எந்த பேங்க் குடுத்துச்சோ அந்த பேங்க் ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோ சொல்லி இன்னிக்கே மூடுங்க. உங்க டேக் மூடலன்னா வாங்குனவரால அந்த வண்டிக்குப் புது டேக் எடுக்கவும் முடியாது, ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். மூடறதுக்கு முன்னாடி டோல் கணக்க டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. வண்டி உங்க கைல இல்ல, வேற யாரோ வேற ஊர்ல ஓட்டிட்டிருக்காங்கன்னு காட்ட அது நல்ல ஆதாரம்.

கேள்வி: வண்டிய வித்ததும் இன்சூரன்ஸ கேன்சல் பண்ணி மிச்சப் பணத்த வாங்கிடலாமா? எனக்கு நோ கிளெயிம் போனஸ் 50 சதவீதம் இருக்கு, அதுவும் வாங்குறவருக்குப் போயிடுமா? - வாசகர், கோயம்புத்தூர்

பேர் மாறுறதுக்கு முன்னாடி கேன்சல் பண்ணாதீங்க. மேல கரூர் அம்மாவுக்கு எழுதுனதப் படிச்சீங்கன்னா ஏன்னு புரியும், பேர் உங்க பேர்ல இருந்து பாலிசியும் இல்லன்னா விபத்து நடந்தா உங்களுக்கு முன்னாடி நிக்க யாருமே இல்ல. இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ஓடுனா அபராதமே முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. ஆனா அபராதம் பெரிய விஷயமே இல்ல, இழப்பீடுதான் லட்சக்கணக்குல வரும்.

மூணாம் நபர் கவர் தானா மாறுனதா சட்டம் எடுத்துக்கும். ஆனா வண்டியோட சொந்த சேதத்துக்கான கவர் தானா மாறாது, வாங்குனவர் 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதி தன் பேருக்கு மாத்திக்கணும், இல்லன்னா வண்டி நசுங்குனாலும் கிளெயிம் கிடைக்காது. இத வாங்குறவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.

போனஸ் உங்களோடது, வண்டியோடது இல்ல. வித்த ஆதாரத்தக் காட்டி கம்பெனில நோ கிளெயிம் போனஸ் (என்சிபி) சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கங்க, மூணு வருஷத்துக்குள்ள புதுக் கார் வாங்குனா அதுல கழிச்சுக்கலாம். 50 சதவீதம்ங்கறது சேரவே பல வருஷம் ஆகும், விட்டுடாதீங்க. பழைய பாலிசி வாங்குனவர் பேருக்கு மாறும்போது போனஸ்ல குறைஞ்ச தொகைய அவர் கட்டிப்பாரு.

கேள்வி: கார் மேல இன்னும் லோன் இருக்கு. வாங்க வர்றவர் மிச்ச டியூவ நானே கட்டிக்கறேன், கைல ஒரு தொகை குடுக்கறேன்னு சொல்றாரு. இப்படி டியூ வண்டியா விக்கலாமா? - வாசகர், சேலம்

வேணாம். ஃபைனான்ஸ் கம்பெனியோட சம்மதம் எழுத்துல இல்லாம ஆர்டிஓல பேரே மாறாது, சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. அப்ப வண்டி அவர் கைல, பேர் உங்க பேர்ல, லோன் உங்க பேர்ல. அவர் ரெண்டு டியூ கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் அடிவாங்கறது உங்களுக்கு, கலெக்‌ஷன் ஆளுங்க வர்றது உங்க வீட்டுக்கு, வண்டி இடிச்சா நோட்டீஸ் வர்றதும் உங்களுக்கு. லோன முதல்ல முடிங்க. கைல பணம் இல்லன்னா வாங்குறவர் குடுக்கற தொகைய நேரா ஃபைனான்ஸ் கம்பெனி லோன் கணக்குலயே கட்டச் சொல்லி, தடையில்லாச் சான்றும் (என்ஓசி) ஃபாரம் 35-ம் வாங்கி, ஆர்சில ஹெச்பிய (லோன் இருக்குங்கற பதிவ) கேன்சல் பண்ணிட்டு, அப்புறம் பேர் மாத்துங்க.

கேள்வி: ஓசூர்லேருந்து எழுதறேன். பெங்களூர்க்காரர் ஒருத்தர் என் காரக் கேக்கறாரு. நம்மூர் நம்பர்லயே ஓட்டிக்கறேங்கறாரு. - வாசகர், ஓசூர்

ஓட்டிக்கறேன்னு சொல்றதுக்கு அர்த்தம் உங்க பேர்லயே ஓட்டிக்கறேன்னுதான். வேற மாநிலத்துக்குப் போற வண்டிக்கு ஃபாரம் 28 போட்டு உங்க ஆர்டிஓல என்ஓசி வாங்கணும், வரி, சலான் நிலுவை எல்லாம் தீத்திருக்கணும். இதுல வித்தவருக்கு 45 நாள் டைம். ஆனா என்ஓசி வாங்கிட்டாலே பேர் மாறிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. அவர் கர்நாடகால வரி கட்டி, புது நம்பர் வாங்கி, தன் பேர்ல பதிவு பண்ற வரைக்கும் நீங்கதான் ஓனர். அங்க வரி அதிகமா இருக்குன்னு என்ஓசிய மடிச்சு டேஷ்போர்டுல வச்சுட்டு மாசக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க. இவருகிட்டதான் டெபாசிட் கண்டிப்பா வாங்கணும்.

கேள்வி: ஆன்லைன்ல வண்டி வாங்குற கம்பெனிக்கு குடுத்தா இந்தத் தொந்தரவு இல்லையாமே? - வாசகி, சென்னை

கம்பெனி பெருசா சின்னதாங்கறது முக்கியமில்ல, ஆர்டிஓகிட்ட அங்கீகாரம் வாங்குன டீலரான்னு பாக்கணும். 2023 ஏப்ரல் 1-லேருந்து பழைய வண்டி டீலர்களுக்குன்னு மத்திய அரசு ரூல்ஸ் கொண்டுவந்துருக்கு. அங்கீகாரம் வாங்குன டீலர்கிட்ட வண்டியக் குடுக்கும்போது ஃபாரம் 29சி-ய போர்ட்டல்ல பதிவு பண்ணுவாங்க. அன்னிலேருந்து அடுத்தவர் பேருக்கு மாறுற வரைக்கும் அந்த டீலர்தான் ஓனரா கருதப்படுவாரு, வண்டியால வர்ற பொறுப்பும் அவரோடதுதான். டிரையல், ரிப்பேர் மாதிரி வேலைக்குத் தவிர வண்டிய ரோட்டுல எடுக்கவும் கூடாது, எடுத்தா பதிவேட்டுல எழுதணும்.

வித்தவங்களுக்கு இவ்வளவு நாள்ல கிடைச்ச உருப்படியான பாதுகாப்பு இதுதான்னு நினைக்கறேன். தெருமுனை கன்சல்டிங்லயும் தைரியமாக் கேளுங்க, அங்கீகார சர்ட்டிஃபிகேட் இருக்கா, 29சி போட்டு அத்தாட்சி குடுப்பீங்களான்னு. இருந்தா அங்க குடுங்க. இல்ல சார், வெத்து 29-ல கையெழுத்து மட்டும் போடுங்கன்னா, ஐயாயிரம் கூடவே குடுத்தாலும் அங்க குடுக்காதீங்க.

கேள்வி: அப்பா தவறிட்டாங்க. அவங்க ஸ்கூட்டர் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேணுமாம், அப்பா பேர்லயே ஆர்சியக் குடுத்துடலாமா? - வாசகி, தஞ்சாவூர்

குடுக்காதீங்க. இறந்தவர் பேர்ல இருக்கற வண்டிக்கு ஃபாரம் 29-ல யார் கையெழுத்துப் போடுவாங்க? முதல்ல ஃபாரம் 31 போட்டு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோட உங்க பேருக்கோ அம்மா பேருக்கோ மாத்துங்க. 30 நாளுக்குள்ள தகவல் குடுக்கணும், மூணு மாசத்துக்குள்ள மாத்த அப்ளை பண்ணணும். நாள் தாண்டியிருந்தாலும் ஃபீஸ் கட்டி மாத்திக்கலாம், அதுக்காக விட்டுடாதீங்க. ஆர்சில நாமினி பேர் சேத்திருந்தா வேலை இன்னும் சுலபம், 2021-லேருந்து அந்த வசதி இருக்கு.

இன்னொண்ணும் கேட்டுக்கங்க, அந்தப் பையனுக்கு வயசு என்ன? 18 ஆகலன்னா வாங்கறது அவன் அப்பா பேர்ல இருந்தாலும் கவனமா இருங்க. சின்னப் பையன் ஓட்டி மாட்டுனா 199ஏ பிரிவுல பெத்தவங்களுக்கோ ஓனருக்கோ மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியோட பதிவும் ஒரு வருஷம் ரத்து. எனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு நிரூபிச்சா தப்பிக்கலாம், ஆனா நிரூபிக்க வேண்டியது ஓனர்தான். அதனால பேர் அவன் அப்பா பேருக்கு மாறுனதுக்கு அப்புறம்தான் சாவியக் குடுக்கணும்.

கேள்வி: ஓடாத பழைய வண்டிய இரும்புக் கடைல எடைக்குப் போட்டுட்டேன். ஓடவே ஓடாதுங்க, அதுக்குமா இதெல்லாம்? - வாசகர், விருதுநகர்

வண்டி ஓடாது, நம்பர் ஓடும். அந்த பிளேட்டக் கழட்டி அதே மாடல், அதே கலர் திருட்டு வண்டில மாட்டிட்டா ஆர்சிப்படி அது உங்க வண்டிதான். செயின் பறிப்புக்குப் போன வண்டியோட நம்பர் கேமராவுல பதிவாச்சுன்னா போலீஸ் முதல்ல வர்றது உங்க வீட்டுக்கு.

வண்டி இனி ஓடாத நிலைக்குப் போயிட்டா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிச்சு ஆர்சிய ஒப்படைச்சு பதிவ ரத்து பண்ணணும்னு 55-வது பிரிவு சொல்லுது. இப்ப அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப்பிங் மையங்கள் இருக்கு, 2021 ரூல்ஸ்படி அங்க குடுத்தா டெபாசிட் சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்க. வண்டி கணக்குலேருந்து போச்சுங்கறதுக்கு அதுவே ஆதாரம்.

நீங்க குடுத்தது சாதாரண இரும்புக் கடைன்னா, நாளைக்கே அங்க போய்ப் பாருங்க, வண்டி இன்னும் உடைக்காம கிடந்தா ரெண்டு பிளேட்டையும் கழட்டி வாங்கிட்டு வந்துடுங்க. சேசிஸ் நம்பர் இருக்கற எடத்த ஃபோட்டோ எடுத்துக்கங்க. ஆர்சி உங்ககிட்டயே இருந்தா நல்லது, கடைலயே குடுத்துட்டீங்கன்னா திருப்பிக் கேளுங்க, அது கிடைக்கலன்னா போலீஸ்ல புகார் குடுத்து ரசீது வாங்கிட்டு ஆர்டிஓ ஆபீஸ்ல போய் பதிவ ரத்து பண்ண மனு குடுங்க. வரி பாக்கி இருந்தா கட்டச் சொல்லுவாங்க, கட்டிடுங்க.